முடிச்சுப் போடும் செம்பு



சென்ற இதழில் இரும்புச் சத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை, அதைவிடச் சிறிய அளவில் உடலுக்குத் தேவைப்படுகின்ற இன்னொரு சத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதுதான் செம்புச் சத்து. "செம்பா? குடம் செய்கின்ற செம்பா?" என்று நீங்கள் கேட்கலாம். ஆம், அதே செம்புதான். இதை எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் கூறிவிடுகிறேன்.

2024 ஆம் ஆண்டு மாரி தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னர், முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரக் கிராமம் ஒன்றுக்கு வீட்டுத் தரிசிப்புக்காகப் போயிருந்தேன். அங்கே எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். 2009 இல் செல் விழுந்து இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். கணவரையும் அதே ஆண்டில் இழந்தார். தாயாரையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, பொய்க்காலுடன் தினமும் நண்டுக் கொம்பனிக்கு வேலைக்குப் போகிறார். அவித்த நண்டை உடைத்துத் தசை எடுப்பது அவரது வேலை. பொய்க்கால் உரசி உரசி, வெட்டிய காலின் நுனியில் ஒரு புண். ஆறுவது போல மூடும். ஒரு கிழமை நடந்தால் மறுபடி வாய் திறக்கும். அது மூன்று ஆண்டுகளாக அவரை வருத்தி வந்தது. புண் இருக்கும் நாட்களில் பொய்க்கால் போட முடியாது. பொய்க்கால் போடாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை.

அன்று அவரது கையில் புதிய காப்பு ஒன்றைக் கண்டேன்.

"என்ன அக்கா, புதுக் காப்பு?"

"செம்புக் காப்பு பிள்ளை. போட்டால் புண் ஆறுமாம், தசை பிடிக்குமாம் எண்டு ஒராள் வீடு வீடாக் கொண்டுவந்து வித்தவர். இரண்டாயிரம் ரூபா. சீட்டுக் காசில எடுத்துக் குடுத்தனான்."

அப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகளுக்கு நண்டுக் குழம்பு வைத்திருந்தார். தன்னுடைய கோப்பையில் சோறும் வெள்ளைச் சொதியும் மட்டும் போட்டுக்கொண்டார்.

"ஏன் அக்கா, நீங்கள் நண்டு சாப்பிடுறேல்லையோ?"

"ஐயோ பிள்ளை, புண் இருக்கேக்க நண்டு, இறால், கணவாய் எல்லாம் கிரந்தியல்லோ. எள்ளுச் சூடு. கச்சான் பித்தம். அம்மா ஒண்டையும் தொட விடமாட்டா. மூண்டு வருசமா வாயில வைக்கேல்லை."

எனக்கு ஒன்றும் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால், மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் இதே திண்ணையில் இருந்து அவர் இந்தப் பத்தியத்தைச் சொன்னபோது, "ஓம் அக்கா, கவனமா இருங்கோ" என்று தலையாட்டியவள் நானேதான். என் வீட்டிலும் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள். படித்த படிப்பு அன்று எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. பின்னர் சுகாதாரப் பயிற்சி ஒன்றின்போது செம்புச் சத்துள்ள உணவுகளின் பட்டியலைப் பார்த்தேன். நண்டு, இறால், கணவாய், எள்ளு, கச்சான், கஜு, கௌப்பி, உழுந்து என்று அது போனது. அக்காவின் பத்தியப் பட்டியலும் அந்தப் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றே. கையிலே செம்பை மாட்டிக்கொண்டு, கோப்பையிலிருந்த செம்பை நாங்கள் விலக்கி வைத்திருந்தோம்.

செம்பு உடலில் என்ன செய்கிறது?

நான் வைத்தியர் அல்லள். ஆனால் இந்த விடயத்தைத் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் விளங்கிக்கொண்டேன். விளங்கியபடியே உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கள் உடலில் தோல், எலும்பு, மூட்டைக் கட்டி வைத்திருக்கும் நார்கள், குருதிக் குழாய்களின் சுவர் ஆகிய எல்லாவற்றையும் தாங்கி, இணைத்து வைத்திருப்பது தொடுப்பிழையம். இந்தத் தொடுப்பிழையத்துக்குப் பலம் கொடுப்பது கொலாஜன் என்ற புரதம். இழுத்தால் நீண்டு, விட்டால் மறுபடி சுருங்கும் தன்மையைக் கொடுப்பது எலாஸ்டின் என்ற இன்னொரு புரதம்.

கொலாஜன் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மூன்று புரிக் கயிறு போல இருக்கும். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கி ஒரு கயிறாகின்றன. அந்த முறுக்குத் தளராமல் நிற்பதற்கு விற்றமின் சியும் இரும்பும் வேண்டும். ஆனால் கயிறு திரித்தால் மட்டும் வலை ஆகிவிடுமா? கரையோரத்துச் சகோதரிகளுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. எவ்வளவு நல்ல நூலாக இருந்தாலும் முடிச்சுப் போடாவிட்டால் அது வலை அல்ல, வெறும் நூல் கும்பல். மீன் மோதினால் நூல்கள் விலகிப் போகும்.

அந்த முடிச்சைப் போடுகின்ற வேலையைத்தான் செம்பு செய்கிறது. லைசைல் ஒட்சிடேஸ் என்று ஒரு நொதியம் இருக்கிறது. அது கொலாஜன் கயிறுகளின் பக்கத்தில் கொக்கி போன்ற இடங்களை உண்டாக்கி விடுகிறது. அந்தக் கொக்கிகள் பக்கத்துக் கயிற்றுடன் மாட்டிக்கொள்ளும்போது தசையும் தோலும் இறுகிப் பலம் பெறுகின்றன. எலாஸ்டினையும் அதே நொதியந்தான் பிணைக்கிறது. இந்த நொதியத்தின் நடுவிலே செம்பு இருக்க வேண்டும். செம்பு இல்லாவிட்டால் நொதியம் இருந்தும் வேலை செய்யாது.

காயம் ஆறுவது என்றால் என்ன என்பதும் இதிலிருந்து விளங்கும். மேலே தோல் மூடியதும் காயம் மாறிவிட்டது என்று நாங்கள் நினைக்கிறோம். உள்ளே அப்போதுதான் வலை பின்னத் தொடங்குகிறது. மூன்று வாரம் சென்ற காயத்தில், நல்ல தோலுக்கு உள்ள பலத்தில் கால் பங்கு அளவுதான் இருக்கும். மாதக் கணக்கில் முடிச்சு விழுந்து விழுந்து, ஆகக் கூடினால் 80 சதவீதம் வரை வரும். முழுப் பலம் திரும்ப வருவதில்லை. ஆகவே வடு உள்ள இடத்தை வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது மட்டுமல்ல, பழைய வடுவிலும் உடல் கொலாஜனைக் கரைத்துப் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கிறது. முற்காலத்தில் மாதக் கணக்கில் காய்கறி, பழம் காணாமல் கப்பலில் போனவர்களுக்கு, விற்றமின் சி இல்லாமல், பல ஆண்டுகளுக்கு முன் ஆறிய காயங்கள்கூட மறுபடி வாய் திறந்ததாக வைத்திய வரலாறு கூறுகிறது. அன்றாடம் சாப்பிடும் சாப்பாட்டுக்கும் பழைய காயத்துக்கும் தொடர்பு இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

செம்பு உணவில் வேண்டும் என்பது நூறு ஆண்டுகளுக்கு உட்பட்ட அறிவுதான். 1928 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து ஆராய்ந்தவர்கள், பால் மட்டும் குடித்துச் சோகை பிடித்த எலிகளுக்கு இரும்பு மட்டும் கொடுத்தால் போதாது, செம்பும் சேர்ந்தால்தான் குருதி ஊறுகிறது என்று கண்டார்கள். 1930 களில் மேற்கு அவுஸ்திரேலியாவில், செம்பு குறைந்த மண்ணில் முளைத்த புல்லை மேய்ந்த ஆடுகள் ஈன்ற குட்டிகள் பின்னங்கால் தள்ளாடி விழுந்தன. ஆட்டு உரோமமும் சுருள் இல்லாமல் கம்பி போல வளர்ந்தது.

1960 களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செம்பு குறைந்த தீன் கொடுத்து வளர்த்த கோழிக்குஞ்சுகளும் பன்றிக்குட்டிகளும், இதயத்திலிருந்து வருகின்ற பெரிய நாடி வெடித்து இறந்தன. அந்த நாடியின் சுவரில் எலாஸ்டின் பிணைக்கப்படாமல் இருந்தது. முடிச்சுப் போடுகின்ற நொதியத்தை 1968 இல் பின்னெல், மார்ட்டின் என்ற இருவர் கண்டறிந்தார்கள்.

என் மனதைத் தொட்ட கதை 1972 இல் நடந்தது. பிறந்து சில மாதங்களில் தலைமயிர் முறுகி உடைந்து, எலும்பு மெலிந்து, வளர்ச்சி நின்று போகும் ஒரு பரம்பரை நோய் சில ஆண் குழந்தைகளுக்கு வருவதுண்டு. 1962 இல் அதை முதலில் விபரித்த வைத்தியரின் பெயரால் அதற்கு மென்கிஸ் நோய் என்று பெயர். காரணம் ஒருவருக்கும் தெரியவில்லை. மெல்பேர்ண் நகரில் டேவிட் டாங்ஸ் என்ற சிறுவர் வைத்தியர் அந்தக் குழந்தைகளின் மயிரைப் பார்த்தபோது, செம்பு குறைந்த ஆடுகளின் உரோமம் அவருக்கு ஞாபகம் வந்தது. குருதியைச் சோதித்துப் பார்த்தார். செம்பு மிகவும் குறைவாக இருந்தது. உணவில் செம்பு இருந்தும் அந்தக் குழந்தைகளின் குடலால் அதை உடலுக்குள் சேர்க்க முடியவில்லை. ஆட்டைப் பற்றிய அறிவு பிள்ளையின் நோயை விளங்க உதவியது. இந்த நோய் மிக அரிது. உங்கள் பிள்ளைக்குச் சுருண்ட மயிர் என்று பயந்துவிட வேண்டாம்.

எங்களுக்கு இன்னும் நெருக்கமானது 1964 இல் பெரு நாட்டின் லீமா நகரிலிருந்து வந்த செய்தி. கடுமையாக மெலிந்த குழந்தைகளைத் தேற்றுவதற்குப் பாலையே முக்கிய உணவாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் நிறை கூடினார்கள். ஆனால் சிலருக்கு இரும்பு கொடுத்தும் மாறாத சோகையும் எலும்புப் பலவீனமும் வந்தன. செம்பு கொடுத்த பின்னர்தான் தேறினார்கள். பசுப்பாலில் செம்பு மிக மிகக் குறைவு என்பதே காரணம். குழந்தை பிறக்கும்போது தாயிடமிருந்து வாங்கிய செம்பை ஈரலில் சேமித்துக்கொண்டு பிறக்கிறது. முதல் மாதங்களுக்கு அதுவும் தாய்ப்பாலும் போதும். ஆறு மாதம் முடிந்த பிறகு, "பால் குடிக்கிறான் தானே" என்று மாப்பாலை மட்டும் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. பருப்பும் பயறும் குரக்கனும் மீனும் பிள்ளையின் வாய்க்குப் போக வேண்டும்.

எவ்வளவு வேண்டும்? எதில் இருக்கிறது?

வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 900 மைக்கிரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. ஓர் அரிசி மணியின் நிறை ஏறக்குறைய 20 மில்லிகிராம். அதை இருபது பங்காக்கினால் ஒரு பங்குதான் எங்கள் ஒரு நாள் செம்பு. கர்ப்பிணிக்கு 1 மில்லிகிராமும், பாலூட்டும் தாய்க்கு 1.3 மில்லிகிராமும் வேண்டும்.

இந்த அளவைப் பெறுவதற்குக் காசு கொட்டத் தேவையில்லை. ஒரு மேசைக்கரண்டி எள்ளில் மட்டும் ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது. ஒரு கைப்பிடி கச்சானில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரு கோப்பை அவித்த கௌப்பியில் அரைவாசி. உழுந்து, பயறு, கடலை, மைசூர்ப் பருப்பு, குரக்கன் எல்லாவற்றிலும் நல்ல அளவு உண்டு. சம்பலுக்குத் திருவுகின்ற தேங்காய்ப்பூவிலும் உண்டு. கஜுவில் நிறைய இருக்கிறது, ஆனால் விலை எங்களுக்கு எட்டாது. கச்சான் போதும். அரிசியில் குறைவாக இருந்தாலும் மூன்று வேளையும் சோறு சாப்பிடுவதால் கொஞ்சம் சேர்கிறது.

நண்டு, இறால், கணவாய் பற்றி ஒரு புதுமையான விடயம் சொல்கிறேன். எங்கள் குருதி சிவப்பாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள இரும்பு. நண்டுக்கும் இறாலுக்கும் கணவாய்க்கும் குருதியில் ஒட்சிசனைக் காவுவது இரும்பு அல்ல, செம்பு. அதனால் அவற்றின் குருதி சிவப்பாக இல்லாமல் இலேசான நீலமாக இருக்கும். நண்டு வெட்டும்போது சிவப்பு இரத்தம் வருவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 100 கிராம் நண்டுத் தசையிலோ கணவாயிலோ ஒரு நாள் தேவையில் பாதிக்கு மேல் செம்பு கிடைக்கும். ஆட்டு ஈரலிலும் மாட்டு ஈரலிலும் எல்லாவற்றையும் விட அதிகம். அவை எப்போதாவது ஒரு நாள் போதும். கர்ப்பிணிகள் ஈரலைக் கூடுதலாகச் சாப்பிடக் கூடாது, அதில் விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சி இருக்கிறது.

நல்லெண்ணெயைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். எண்ணெய் பிழிந்தால் செம்பு பிண்ணாக்கில் தங்கிவிடும், எண்ணெயில் வராது. எள்ளை எள்ளாகவே சாப்பிட வேண்டும். எள்ளும் உழுத்தம்மாவும் பனங்கட்டியும் சேர்த்து இடித்து, பெரியபிள்ளையான பிள்ளைக்கு எங்கள் அம்மம்மாமார் எள்ளுப்பாகு கொடுத்தார்கள் அல்லவா? அவர்களுக்குச் செம்பு, நொதியம் ஒன்றும் தெரியாது. ஆனால் கை சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

கிரந்தி என்ற சொல்

அப்படியானால் எங்கள் பெரியவர்கள் சொன்ன கிரந்தி பொய்யா என்று கேட்பீர்கள். முழுவதும் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நண்டு, இறால் சாப்பிட்டால் சிலருக்கு உடல் தடித்துக் கடிக்கும், வாய் வீங்கும், மூச்சு முட்டும். அது ஒவ்வாமை. அப்படிப்பட்டவர்கள் கட்டாயம் விலக்கத்தான் வேண்டும். பழுதான இறால் வயிற்றைக் கெடுக்கும். ஐஸ் இல்லாத காலத்தில் பெரியவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒவ்வாமை இல்லாத ஒருவர் புதிய நண்டைச் சாப்பிடுவதால் புண் சீழ் பிடிக்காது. சீழ் பிடிப்பது கிருமியால்.

சமூகவியல் படித்தவள் என்ற முறையில் எனக்கு இன்னொரு கேள்வி எழுகிறது. எங்கள் வீடுகளில் பத்தியம் யாருக்கு? மாதவிடாய் வந்தால் ஒன்று கூடாது. கர்ப்பமானால் எள்ளுக் கூடாது, அன்னாசி கூடாது. பிள்ளை பெற்றால் இன்னொன்று கூடாது. காயம் என்றால் வேறொன்று கூடாது. ஒரு பெண்ணின் வாழ்நாளைக் கூட்டிப் பார்த்தால் எத்தனை ஆண்டுகள் ஏதோ ஒன்றை விலக்கி வாழ்ந்திருக்கிறாள்! அதோடு, விலக்கியதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்க வேண்டும் என்று ஒருவரும் நினைப்பதில்லை. கணவனை இழந்த பெண் என்றால் சொல்லவே வேண்டாம். நல்ல துண்டைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறாள். "எனக்கு அது ஒத்துவராது" என்று சொல்லிக்கொள்வது, தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு வசதியான காரணமாகவும் ஆகிவிடுகிறது.

2009 இல் எனக்குப் பதினேழு வயது. செட்டிகுளம் முகாமில் அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று அளந்து தந்தார்கள். காயக்காரர் நிறைந்த கூடாரங்களில், அந்தப் பருப்பைக்கூட ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஊற்றிவிட்டு, தண்ணியைச் சோற்றில் விட்டுச் சாப்பிட்ட அம்மாக்களை நான் கண்டிருக்கிறேன். அன்று இல்லாமையால் அப்படிச் செய்தோம். 2022 இல் சாமான்கள் விலையேறியபோதும் பல வீடுகளில் முதலில் குறைந்தது பெண்ணின் கோப்பைதான். ஆனால் வீட்டில் இருக்கும்போதும் அதே பழக்கத்தை வைத்துக்கொண்டிருப்பது சரியா என்று நாங்கள் எங்களையே கேட்டுப் பார்க்க வேண்டும்.

காப்பு, குடம், குளிசை

செம்பு நல்லது என்று சொன்னவுடன் அதை விற்க ஆட்கள் வந்துவிடுவார்கள். ஆகவே சில விடயங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

காப்பில் உள்ள செம்பு புண்ணை ஆற்றாது. இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூட்டுவாதக்காரருக்குச் செம்புக் காப்பும் வேறு காப்பும் மாற்றி மாற்றி அணிவித்துப் பார்த்தார்கள். 2009 இலும் 2013 இலும் வெளிவந்த அவர்களது முடிவுகளில், செம்புக் காப்பால் மூட்டு நோவுக்குக் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தெரியவில்லை.

செம்புப் பாத்திரத்திலும் பித்தளைப் பாத்திரத்திலும் புளி, தேசிக்காய், மோர், பால் வைக்கக் கூடாது. புளிப்புப் பட்டால் செம்பு அளவுக்கு மிஞ்சிக் கரையும். வாந்தி, வயிற்று நோவு வரும். முன்னோர்கள் அந்தப் பாத்திரங்களின் உட்புறத்துக்கு ஈயம் பூசிப் பாவித்தது இதனால்தான். பச்சைக் களிம்பு பிடித்த பாத்திரத்தில் சமைக்கவே கூடாது.

செம்புக் குளிசையை வைத்தியர் சொல்லாமல் வாங்கிப் போட வேண்டாம். ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து சேர்வது ஈரலுக்குக் கூடாது. வில்சன் நோய் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்குச் செம்பு உடலில் தேங்கும். அவர்கள் வைத்தியர் சொன்னபடிதான் சாப்பிட வேண்டும். இன்னொரு பக்கம், புண் ஆறுவதற்கென்று நாகச் சத்துக் குளிசையை மாதக் கணக்கில் தாமாகவே வாங்கிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். நாகம் அளவுக்கு மிஞ்சினால் குடல் செம்பை உள்ளே எடுப்பது குறையும். நல்லது செய்யப் போய்க் கெட்டது வரும்.

வயிற்றில் காயப்பட்டு, இரைப்பையிலோ சிறுகுடலிலோ ஒரு பகுதியை வெட்டி எடுத்த சகோதரிகள் எங்களில் பலர் இருக்கிறார்கள். உணவிலுள்ள செம்பு உடலுக்குள் சேர்வது அந்த இடங்களில்தான். உங்களுக்கு இரும்புக் குளிசை போட்டும் சோகை மாறாமல் இருந்தால், அல்லது கால் விறைத்து நடை தள்ளாடினால், கிளினிக் போகும்போது சத்திரசிகிச்சை செய்த விபரத்தையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

அக்காவின் கால்

இனி அக்காவிடம் வருவோம். அன்று அவரைக் கட்டாயப்படுத்தி வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனேன். முதலில் சீனி வருத்தம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. பிறகு பொய்க்கால் செய்பவர் காலைப் பார்த்தார். அக்கா மூன்று ஆண்டுகளில் நன்றாக மெலிந்திருந்தார். கால் மெலிந்ததால் பொய்க்காலின் கிண்ணம் தளர்ந்து, நடக்கும்போதெல்லாம் நுனியில் இடித்திருக்கிறது. புண்ணுக்காகப் பத்தியம் இருந்தார். பத்தியத்தால் மெலிந்தார். மெலிந்ததால் பொய்க்கால் உரசிப் புண் வந்தது. எங்கே தொடங்கி எங்கே வந்து முடிந்திருக்கிறது, பாருங்கள்!

"என்ன சாப்பிடுறனீங்கள்?" என்று தாதி கேட்டார். அக்கா சொன்னார். "அம்மா, கல்லும் சீமெந்தும் குடுக்காமல் வீடு கட்டச் சொன்னால் மேசன் எப்பிடிக் கட்டுவான்? மீன், முட்டை, பருப்பு, கௌப்பி, நண்டு எல்லாம் சாப்பிடுங்கோ. தோடம்பழமோ நெல்லிக்காயோ ஏதாவது ஒண்டும் சேருங்கோ" என்றார்.

மிகக் கடினமான வேலை வைத்தியசாலையில் அல்ல, வீட்டில்தான் இருந்தது. அக்காவின் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். மகளின் காலை இழந்த வேதனையில், மகளுக்காகத் தன்னால் செய்யக்கூடியது இந்தப் பத்தியம் பார்ப்பதுதான் என்று பிடித்துக்கொண்டவர். அவரிடம் போய், "நீங்கள் செய்தது பிழை" என்று எப்படிச் சொல்வது? நான் வாதாடவில்லை. "அம்மா, முதல் கிழமை கௌப்பியும் மீனும் மட்டும் குடுங்கோ. புண்ணை நீங்களே பாருங்கோ. கூடாட்டில் நிப்பாட்டுவம்" என்றேன். ஒரு கிழமை பார்த்தார். கூடவில்லை. அடுத்த கிழமை இரண்டு நண்டுக்கால் போட்டுச் சொதி வைத்தார். மூன்று நாள் தானே புண்ணை அவிழ்த்துப் பார்த்தார். நாலாம் நாள் முழு நண்டாக வைத்துக் கொடுத்ததாக அக்கா சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

பொய்க்காலின் கிண்ணத்தை மாற்றிக் கொடுத்தார்கள். கிண்ணம் வரும் வரை இரண்டு கிழமை வேலைக்குப் போகாமல் காலுக்கு ஓய்வு கொடுத்தார். அந்த நாட்களுக்கு எங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள் அரிசியும் பருப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2025 தைப்பொங்கலுக்கு நான் போனபோது புண் மூடியிருந்தது. அதன் பிறகு இதை எழுதும் வரை திறக்கவில்லை.

செம்புதான் ஆற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். கிண்ணம் மாறியது, ஓய்வு கிடைத்தது, புரதம் கிடைத்தது, மருந்து கட்டினார்கள். இவற்றோடு செம்பும் தன் பங்குக்கு முடிச்சைப் போட்டிருக்கும். பலவிதமான சாப்பாடு சாப்பிடுபவர்களுக்குச் செம்புக் குறைபாடு அவ்வளவாக வருவதில்லை. ஒவ்வொன்றாகக் கூடாது கூடாது என்று கோப்பையைச் சுருக்கிக்கொண்டு போனால்தான் செம்பும் அதோடு மற்றச் சத்துகளும் குறைந்து போகின்றன.

ஆகவே சகோதரிகளே, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் எதுவாக இருந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பொய்க்கால் போடுபவர்கள் இரவில் கழற்றியவுடன் காலின் நுனியைக் கண்ணாடி பிடித்துப் பாருங்கள். சிவந்திருந்தால் அடுத்த நாளே காட்டுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது கௌப்பியோ பயறோ அவியுங்கள். எள்ளுப்பாகு இடித்தால் பிள்ளைக்குக் கொடுத்த கையோடு நீங்களும் ஓர் உருண்டை வாயில் போடுங்கள். ஒவ்வாமை இல்லையென்றால் நண்டையும் கணவாயையும் விலக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளுக்குக் கோப்பை போடும்போதே உங்களுடைய கோப்பையையும் போட்டு வையுங்கள்.

அந்தச் செம்புக் காப்பு என்ன ஆனது என்று கேட்பீர்கள். போன மாதமும் அக்காவின் கையில்தான் கிடந்தது. "இன்னும் கழட்டேல்லையோ அக்கா?" என்று கேட்டேன்.

"கிடக்கட்டும் பிள்ளை. இரண்டாயிரம் ரூபா குடுத்து வாங்கினது. கைக்கு வடிவா இருக்கல்லோ" என்று சொல்லிவிட்டு, நண்டுக்காலைக் கடித்து உடைத்தார்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் சகோதரி